உப்பு அரண்மனையில் யாரோ ஏமாற்றுகிறார்கள்

23-8-2007, வியாழன்

கம்பெனிக்கு சாம்பிள் பெட்டி வந்தது. துணி வாங்குகிற பையர் அனுப்பிய கலர் துணித்துண்டுகள், வேண்டாம் என்று திருப்பிய போலோ டி-ஷர்ட் இரண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் பழுப்பு உறைக்குள் 'எம்பர்கேட்' முப்பத்தொன்றாம் இதழ். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிற, முன்பு எங்களுக்குத் தரம் பார்த்த க்யூ.ஏ. மனிதர் மறக்காமல் போட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு வருடம் திருப்பூரில் இருந்தபோது எங்களுக்கு இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டுப் போனவர். மூன்று மாதத்துக்கு ஓர் இதழ். இந்த ஊரில் அதற்கு நாலே வாசகர்கள், நாலு பேருக்கும் ஒரே பிரதி.

அட்டையில் வாயைப் பிளந்த டிராகன். "வந்துருச்சா அந்தப் பேய்ப் புஸ்தகம்?" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழம ஆனா மூணு ஆம்பளைகளோட உக்காந்து என்னத்தத்தான்டி விளையாடுவ?" பத்தாவது தடவையாகச் சொன்னேன். ஒருவர் கதை நடக்கிற இடத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். கதையும் அதற்கான வரைபடமும் இந்தப் பத்திரிகையில் வரும். "இதுக்கு சீரியலே பாக்கலாமே" என்றாள்.

கதை நடத்துகிறவரை நடத்துநர் என்று தமிழில் சொல்லப்போய், எங்கள் நாலு பேரில் ஒருவரான ஈஸ்வரமூர்த்தி அதைக் கண்டக்டர் ஆக்கிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு கதையும் எங்களுக்கு ஒரு டிரிப்பு. இந்த டிரிப்புக்குக் கண்டக்டர் நான்.

26-8-2007, ஞாயிறு

நாலு மணிக்கு காதர்பேட்டையில் அய்யூப் பாயின் லேபிள் கடை மாடி. புது இதழ் வந்த ஞாயிறுகளில் விளையாட்டு கிடையாது, சண்டை மட்டும்தான்.

ஈஸ்வரமூர்த்தி அட்டையிலிருந்தே ஆரம்பித்தார். எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டுப் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். "ஏனுங்க, இந்தக் காலைக் கொஞ்சம் பாருங்க. இது டிராகன் காலுங்களா? நாப்பது நாள் பிராய்லர் காலுங்க. இத வெச்சுக்கிட்டு இத்தாச்சோட்டு ஒடம்பு எப்படீங்க நிக்கும்?"

பாய் லேபிள் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து அட்டை மேல் வைத்தார். "செவப்பு அர மில்லி வெலகியிருக்கு ஜோதிம்மா. நம்ம கடையில இப்படி அடிச்சா கட்டோட திருப்பி விட்டுருவாங்க."

என் பங்குக்கு, இருபதாம் பக்கத்து அட்டவணையில் பன்னிரண்டுக்கு அப்புறம் பதினாலு வருகிறது என்று கண்டுபிடித்தேன். யாரும் பாராட்டவில்லை.

இந்த இதழின் கதை 'உப்பு அரண்மனை'. உப்பு மலையைக் குடைந்து கட்டிய அரண்மனையில் காணாமல்போன கிரீடம். உள்ளடக்கப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்ததுமே சகாயராஜ் சிரித்தான். தூத்துக்குடிக்காரன், அவன் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். "உப்புக்குள்ள இரும்புக் கதவு போட்டிருக்கான். எழுதுனவன் உப்பளத்த எட்டிக்கூடப் பாத்ததில்ல. ஆறு மாசத்துல அரிச்சு உதுந்துரும்."

பிறகு வழக்கப்படி பாய் கதைப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, டி-ஷர்ட்டில் விலைச்சீட்டு மாட்டுகிற டேக் பின்னால் துளைத்துப் பூட்டினார். அதைக் கண்டக்டர் மட்டும்தான் அறுக்கலாம். மற்றப் பக்கங்களைப் படிக்க சகாயராஜ் இதழை வாங்கிக்கொண்டு போனான்.

மே மாதத்திலிருந்து அவன் என்ன செய்தாலும் நான் இரண்டு தடவை பார்க்கிறேன். பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டே, சில்லறை கேட்கிற குரலில் கேட்டான்: "நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன ஜோதி?" தீபாவளிக்குள் சொல்கிறேன் என்றேன். முன்பு எனக்கு நிச்சயம் செய்த பாண்டித்துரைக்கு யோசிக்காமல் தலையாட்டிவிட்டுத்தான், கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு தெரிந்தது அவனுக்கு மதுரையில் ஒரு மனைவியும் மகளும் இருப்பது. அம்மாவிடம் சகாயராஜைப் பற்றிச் சொன்னபோது, "வேதக்காரப் பையனா?" என்று கேட்டுக் கொஞ்ச நேரம் அரிசி புடைத்தாள். பிறகு, "வேதக்காரனா இருந்தா என்ன, பொண்டாட்டி இல்லாதவனான்னு பாரு" என்றாள்.

அதைத்தான் பார்க்கிறேன். மனைவி இல்லை, விசாரித்துவிட்டேன். பொய் இல்லாதவனா என்று யாரிடம் விசாரிப்பது?

29-8-2007, புதன்

சகாயராஜ் இதழைத் திருப்பிக் கொடுத்தான். டேக் பின் அறுபடாமல் இருக்கிறது. வெள்ளைப் பின். பாய் அடித்தது வெள்ளையா, கண்ணாடி நிறமா? இந்த ஊரில் அதை அடிக்கிற டேக் கன் இல்லாத கம்பெனி எது? அறுத்துப் படித்துவிட்டு இன்னொன்று அடிக்க எவ்வளவு நேரமாகும்?

சந்தேகப்படுகிறேன் என்று இல்லை. நிறத்தைக் குறித்து வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

1-9-2007, சனி

அரண்மனை தயார். அறைகளைத் தனித்தனித் துண்டாகப் பேட்டர்ன் அட்டையில் வெட்டிவிட்டேன். அவர்கள் ஓர் அறைக்குள் நுழைந்தால் அந்தத் துண்டை மேஜையில் வைத்து, பழைய துண்டோடு சேர்ப்பேன். மொத்தம் பதினாறு. சட்டை முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று நாலு வருடம் பேட்டர்ன் மேஜையில் வெட்டிய கை, தரம் பார்க்கிற க்யூ.சி. வேலைக்கு வந்த பிறகும் மறக்கவில்லை. அந்த நாலு வருடமும் பக்கத்து மேஜையில் சகாயராஜ்தான். அவன் இன்னும் பேட்டர்னிலேயே இருக்கிறான்.

ரகசியக் கதவுகள் மூன்று. அவற்றை அட்டையில் வரையவில்லை. என் நோட்டில் மட்டும் குறித்திருக்கிறேன்.

2-9-2007, ஞாயிறு

"போலாம் ரைட்" என்று ஈஸ்வரமூர்த்தி விசில் அடிக்க டிரிப்பு தொடங்கியது. அவர் மந்திரவாதி. பாய் போர்வீரர், எண்பது கிலோ கவசம் போட்டவர். சகாயராஜ் பூட்டுத் திறக்கிறவன்.

நாலாவது அறை காலி அறை. உப்புச் சுவர், உடைந்த நாற்காலி, வேறு எதுவுமில்லை. மற்ற இருவரும் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். சகாயராஜ் என் அட்டைத் துண்டைக் குனிந்து பார்த்தான், விரலை ஓர் ஓரமாக ஓட்டினான். "நான் கெழக்குச் சுவத்தத் தட்டிப் பாக்கேன்."

முதல் ரகசியக் கதவு அங்கேதான்.

"ஏன் கிழக்கு?" என்று கேட்டேன்.

"சும்மா தோணுச்சு" என்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

3-9-2007, திங்கள்

சும்மா தோணுச்சாம்.

9-9-2007, ஞாயிறு

இரண்டாவது கதவும் போச்சு. ஏழாம் அறை. பாய் தரையைத் தோண்டலாம் என்கிறார், ஈஸ்வரமூர்த்தி கூரையைக் கொளுத்தலாம் என்கிறார். சகாயராஜ் அட்டையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், தெற்குச் சுவரின் வலது மூலையில் கை வைக்கிறேன் என்கிறான். மூலையைக்கூடச் சரியாகச் சொல்கிறான்!

நூறு பீஸில் எட்டை உருவிப் பார்த்து, இரண்டில் தையல் விட்டிருந்தால் பெட்டியையே திருப்பி அனுப்புகிறவள் நான். ஒன்று தற்செயல். இரண்டு தற்செயல் இல்லை.

இறங்கும்போது படியில் நின்று, "தேங்க்ஸ் ஜோதி" என்றான் மெதுவாக. எதுக்கு என்றேன். "சும்மாதான்" என்றான் மறுபடியும். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. ஏமாற்றி ஜெயிக்கிறவனுக்கு அப்படியா முகம் மலரும்? மலருமாக இருக்கும். பாண்டித்துரையும் நிச்சயதார்த்தத்தன்று பளிச்சென்றுதான் இருந்தான்.

11-9-2007, செவ்வாய்

பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம். எம்பர்கேட் வாசகர்கள் எழுதுகிற இணையப் பக்கத்தில் முப்பத்தொன்றாம் இதழைப் போட்டுக் கிழிக்கிறார்கள். ஆசிரியர் சோம்பேறியாகிவிட்டார், தாள் மெலிந்துவிட்டது, உப்பு அரண்மனை அருமை, உப்பு அரண்மனை குப்பை. ஒருவர் மூன்று ரகசியக் கதவுகளையும் வரிசையாகவே எழுதிவிட்டார். அப்படியானால் பின்னை அறுக்கக்கூட வேண்டாம், இங்கே வந்து படித்தால் போதும்.

கீழே ஒரு வாசகர் பெயரோடு 'இந்தியா' என்று போட்டிருந்தது. அட்டை டிராகனின் கால்களைப் பற்றி நாற்பது வரி. உடனே ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டேன்.

"ஆமாங்க, நான்தானுங்க" என்றார் கூச்சத்தோடு. "கால் சமாச்சாரத்த எழுதாம என்னால தூங்க முடியலீங்க. டிரிப்பப் பத்தி ஒரு வரி படிக்கலீங்க, எங்கூட்டுக் கோழி மேல சத்தியம்."

அவரை நம்புகிறேன். அவருடைய மந்திரவாதி இதுவரை ஒரு கதவையும் கண்டுபிடிக்கவில்லை.

12-9-2007, புதன்

ஒரு வழி செய்திருக்கிறேன். மூன்றாவது கதவு பத்திரிகையில் பதினோராம் அறையின் வடக்குச் சுவரில் இருக்கிறது. நான் அதை மேற்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன். பழைய துண்டைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஒன்று வெட்டியாகிவிட்டது. இந்த மாற்றம் உலகத்தில் எனக்கும் என் நோட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

வடக்குச் சுவரைத் தட்டினான் என்றால் பத்திரிகையைப் படித்திருக்கிறான். அதோடு முடிந்தது. தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அவன் வடக்கைத் தட்டக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று தெரியவில்லை, சும்மா வேண்டிக்கொண்டேன்.

14-9-2007, வெள்ளி

முதலிபாளையத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் சகாயராஜ் உட்கார்ந்திருந்தான். எனக்கு நிற்கத்தான் இடம். எல்லாரும் செய்வதுபோல் கையை நீட்டி என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். நல்ல கூட்டம்.

16-9-2007, ஞாயிறு

ரம்ஜான் மாதம். ஆறு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று பாய் சொல்லியிருந்தார்.

பதினோராம் அறைத் துண்டை வைத்தேன். சகாயராஜ் குனிந்தான். வடக்குப் பக்கம் அவன் பார்வை போகவே இல்லை. "மேக்குச் சுவரு" என்றான்.

மேற்கு. நான் மாற்றி வைத்த மேற்கு.

ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது, பத்திரிகையை அவன் படிக்கவில்லை என்று. அடுத்த நிமிடமே அது போய்விட்டது. அப்படியானால் மேற்கு எப்படித் தெரியும்? நோட்டு. பை. வெள்ளிக்கிழமை முக்கால் மணி நேரம் என் பை அவன் மடியில்! கூட்டத்தில் அவன் கை என்ன செய்ததென்று எனக்கு எப்படித் தெரியும்?

பத்திரிகையைப் படித்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் பைக்குள்ள கைய விட்டு, என் நோட்ட எடுத்து... இந்த நோட்டுல என்னவெல்லாம் எழுதியிருக்கேன். கடைசிப் பக்கத்துல அவன் பேரையும் என் பேரையும் சேத்துக் கிறுக்கி வெச்சிருக்கேனே. அதையும் பாத்துட்டுத்தான் சிரிச்சானா?

பாயின் மனைவி சைதுன்னிசா அக்கா நோன்புக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். எனக்கு இறங்கவில்லை.

20-9-2007, வியாழன்

வேறு வழியே இல்லையா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். தற்செயல் இல்லை. பத்திரிகை இல்லை. இணையம் இல்லை. மிச்சம் பை மட்டும்தான்.

23-9-2007, ஞாயிறு

கேட்டுவிட்டேன். எல்லார் முன்னாலும்தான். தனியாகக் கேட்டால் சமாதானம் சொல்லிவிடுவான் என்று பயம்.

"டிரிப்பு நின்னுருச்சு" என்றேன். "சகாயராஜ், நீங்க என் நோட்டப் பாத்தீங்களா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. "எந்த நோட்டு?"

"மூணு கதவும் உங்களுக்கு எப்படித் தெரியும்? மூணாவத நான் மாத்தி வெச்சேன். அது புஸ்தகத்துலயே இல்ல. உங்களுக்காகத்தான் மாத்துனேன், மாட்டுறீங்களான்னு பாக்க. என் பை உங்க கைல இருந்துச்சு. எடுத்துப் பாத்தீங்க, அப்படித்தானே?"

ஈஸ்வரமூர்த்தி, "ஏனுங்க ஜோதி, வெளையாட்டுத்தானுங்களே" என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

சகாயராஜ் என் பக்கம் திரும்பினான். கோபப்படுவான் என்று நினைத்தேன். முகம் வெளிறிப்போயிற்று. "மாட்டுறனான்னு பாக்கவா?" என்று கேட்டான். "அதுக்கா வெட்டுனீங்க?"

"ஆமா."

பகடையை மேஜையில் வைத்தான். "நான் நோட்டப் பாக்கல" என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

அய்யூப் பாய் பகடைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "டிஃபெக்ட்ட எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்ட அந்தத் தம்பி என்ன பனியனாம்மா?"

24-9-2007, திங்கள்

செய்தது சரிதான்.

27-9-2007, வியாழன்

செய்தது சரிதான். இதை ஏன் இரண்டாவது தடவை எழுதுகிறேன்?

30-9-2007, ஞாயிறு

மூன்று பேராக உட்கார்ந்தோம். பூட்டுத் திறக்க ஆளில்லாமல் போர்வீரரும் மந்திரவாதியும் ஒரு கதவு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். பாயும் நோன்பில் சோர்ந்திருந்தார். ஈஸ்வரமூர்த்தி விசில் அடிக்கவில்லை.

சைதுன்னிசா அக்கா கஞ்சியோடு வந்து எட்டிப் பார்த்தார். "அந்தத் தம்பி அன்னைக்குக் கஞ்சி குடிக்காமயே போயிருச்சேம்மா. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

தெரியாது என்றேன்.

4-10-2007, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதியாக வேண்டும். என் தப்பையும் குறித்து வைக்க வேண்டும்.

முதலிபாளையத்தில் ஒரு யூனிட்டில் கட்டிங் சோதனை. கட்டிங் மாஸ்டர் பெரியகருப்பன், காரைக்குடிப் பக்கத்துக்காரர், இருபத்தைந்து வருட அனுபவம். ரிப்போர்ட் எழுதக் கீழே வைத்துக்கொள்ள அட்டை இல்லாமல், பைக்குள் கிடந்த உப்பு அரண்மனைத் துண்டு ஒன்றை எடுத்தேன். பதினோராம் அறை. அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது எந்த கார்மெண்ட் மேடம்? புது ஸ்டைலா?"

"கார்மெண்ட் இல்லண்ணே. சும்மா ஒரு விளையாட்டு."

"வெளையாட்டா? நாட்ச் வெட்டியிருக்கீகளே." கட்டைவிரல் நகத்தை அட்டையின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். "இந்தா, இங்கன ஒண்ணு. இதுல என்னத்தச் சேத்துத் தைக்கிறது?"

பார்த்தேன். மேற்கு ஓரத்தில், சரியாகக் கதவு இருக்கிற இடத்தில், ஒரு சின்ன வெட்டு. அரிசி நுனி அளவுகூட இல்லை. இரண்டு துணித்துண்டுகள் எங்கே சேர வேண்டும் என்று தையல்காரருக்குக் காட்ட ஓரத்தில் போடுவோமே, அந்த நாட்ச். முன்பக்கமும் கையும் சேருமிடம், காலரும் கழுத்தும் சேருமிடம், எங்கே இரண்டு துண்டு சேர்ந்தாலும் ஒரு நாட்ச். மறந்தால் மாஸ்டர் கத்துவார். நாலு வருடம் அப்படித் திட்டு வாங்கிய கை.

வீட்டுக்கு வந்து பதினாறு துண்டுகளையும் தரையில் பரப்பினேன். அறையும் அறையும் சேருமிடத்தில் எல்லாம் நாட்ச் போட்டிருக்கிறேன். வெளிப்படையான கதவுகளுக்கு மட்டுமில்லை. நாலாம் அறை, கிழக்கு. ஏழாம் அறை, தெற்கு, வலது மூலை. கதவை வரையாமல் மறைத்துவிட்டு, அங்கே இன்னொரு துண்டு வந்து சேரும் என்று மூன்று இடத்திலும் நானே வெட்டிக் காட்டியிருக்கிறேன். போட்டது எனக்குத் தெரியவே இல்லை. கோழிப்பண்ணைக்காரருக்கும் லேபிள் கடைக்காரருக்கும் அது கண்ணில் படாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

அய்யோ. என்ன பண்ணிட்டேன் நான். என்ன பண்ணி வெச்சிருக்கேன்!

5-10-2007, வெள்ளி

மூன்று தடவை போன் பண்ணினேன். எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

7-10-2007, ஞாயிறு

காலைப் பூசை முடிகிற நேரத்துக்குப் போய் சர்ச் வாசலில் நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள், பூவும் பொட்டுமாக ஒருத்தி எதற்கு நிற்கிறாள் என்று. அவன் கடைசியாக வந்தான். இளைத்திருந்தான்.

பதினோராம் அறைத் துண்டை நீட்டினேன். "நாட்ச்" என்றேன்.

அவன் அதை வாங்கவில்லை. "தெரியும்" என்றான்.

"தெரியும்னா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. 'நீதான் வெட்டி வெச்சிருக்க, அதப் பாத்துத்தான் சொன்னேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அங்கயே கால்ல விழுந்திருப்பேனே."

சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு நகர்ந்து போனான். நானும் போனேன்.

"நீ தெரியாமப் போட்டன்னு நான் நெனக்கல ஜோதி" என்றான். "எனக்குன்னு போட்டன்னு நெனச்சேன்."

"உனக்குன்னா?"

"மே மாசம் ஒண்ணு கேட்டேன்ல. நீ பதில் சொல்லல. அப்புறம் பாத்தா, நாலு பேரு நடுவுல, வேற எவனுக்கும் புரியாதபடிக்கு எனக்கு மட்டும் புரியிற மாதிரி ஒரு வெட்டு வெட்டி வெக்க. இங்க சேரணும், இங்க சேரணும்னு. நான் வேற என்னன்னு எடுத்துக்குவேன்? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உம் பதிலத்தான் வாசிச்சிட்டிருக்கேன்னு இருந்தேன்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "மூணாவது துண்டுல நாட்ச் புதுசா இருந்துச்சு. இது எனக்காகவே வெட்டுனதுன்னு நெனச்சேன். எனக்காகத்தான் வெட்டிருக்க. மாட்டுறனான்னு பாக்க."

படியில் நின்று தேங்க்ஸ் சொன்னது அதற்குத்தான். அந்த முகம் அதற்குத்தான். நான் அதைப் போய் பாண்டித்துரையின் முகத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறேன்.

"பாய் முன்னாடி இதச் சொல்லச் சொல்லுதியா? பதில்னு நெனச்சது பதிலே இல்லன்னு எனக்கே அப்பத்தான தெரிஞ்சுது" என்றான்.

சம்மதம் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். அவன் தலையை ஆட்டினான். "இப்பச் சொல்லாத. இப்பச் சொன்னா மன்னிப்புக்குப் பதிலா குடுக்குற மாதிரி இருக்கும். எனக்கு அது வேண்டாம்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். யாராவது பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

14-10-2007, ஞாயிறு

ரம்ஜான் பெருநாள். பாய் வீட்டில் பிரியாணி. எல்லார் முன்னாலும் குற்றம் சாட்டியவள், எல்லார் முன்னாலும்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினாறு துண்டுகளையும் பரப்பி மூன்று வெட்டுகளையும் காட்டினேன். அவன் எனக்குச் சொன்னதைச் சொல்லவில்லை. அது அவனுடையது.

பாய் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரிண்டிங்குல இப்படி ஒண்ணு விட்டா நான் கடைய மூடிட்டுப் போயிருப்பேன்" என்றார். ஈஸ்வரமூர்த்தி, "கண்டக்டரே டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு, வித்தவுட்டுன்னு ஆளை எறக்கி விட்டுட்டீங்களே" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சகாயராஜ் வரவில்லை. அவனுக்கென்று ஒரு டப்பாவில் கட்டி வைத்தார் சைதுன்னிசா அக்கா. ஈஸ்வரமூர்த்தி கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார்.

8-11-2007, வியாழன்

தீபாவளி. நான் கேட்ட தவணை இன்றோடு முடிகிறது. காலையில் எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். 'எனக்குச் சம்மதம். மன்னிப்புக்காகச் சொல்லவில்லை.' தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, அனுப்பிய பிறகு ஒரு எழுத்து விட்டிருப்பதைப் பார்த்தேன்.

சாயங்காலம் பதில் வந்தது. 'எனக்கும் கொஞ்சம் டைம் வேணும். கிறிஸ்துமஸ் வரைக்கும்.'

நான் கேட்டபோது அவன் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

19-11-2007, திங்கள்

காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் அவனை ஆறு மாதம் நிற்க வைத்திருக்கிறேன்.

2-12-2007, ஞாயிறு

முப்பத்திரண்டாம் இதழ் வந்துவிட்டது. கண்டக்டர் ஈஸ்வரமூர்த்தி. சகாயராஜ் இன்றும் வரவில்லை. கடிதப் பகுதியில் இங்கிலாந்திலும் யாரோ உப்புக்குள் இரும்புக் கதவு எப்படி நிற்கும் என்று கேட்டிருக்கிறார். ஆசிரியர் 'மந்திர இரும்பு' என்று பதில் போட்டிருக்கிறார். அவனிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தை மடித்து வைத்தேன்.

23-12-2007, ஞாயிறு

மாடி ஏறும்போதே அவன் குரல் கேட்டது. படியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனேன்.

ஊரிலிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய கேக்கை மேஜையில் வைத்துவிட்டு, முப்பத்திரண்டாம் இதழை விரித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். "மந்திர இரும்பாம். பதில் தெரியலன்னா தெரியலன்னு போடணும். ஏமாத்துற வேல." இந்த இதழின் அட்டையில் கப்பல். கோழிக்கால் எதுவும் இல்லாததால் ஈஸ்வரமூர்த்திக்குப் பேச விஷயமில்லை. பாய் மட்டும் நீலம் சரியாக விழுந்திருக்கிறது என்று மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். நான் பக்க எண்களைப் பார்த்தேன், எல்லாம் வரிசையாக இருந்தன. இரண்டு மணி நேரம் பத்திரிகையைப் பற்றியே பேசினோம். என்னிடம் தனியாக ஒன்றும் அவன் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது, அவர்கள் இருவரும் இருக்கும்போதே சொன்னான்: "ஜோதி, பொங்கல் கழிச்சு எங்க அம்மா வர்றாங்க. உங்க வீட்டு அட்ரஸ எழுதிக் குடு."

குடு என்றான். இத்தனை வருடத்தில் மற்றவர்கள் முன்னால் ஒரு தடவைகூட என்னை நீ என்று பேசியதில்லை. ஈஸ்வரமூர்த்தி சட்டென்று பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பாய் உள்ளே பார்த்து, "சைதுன்னிசா, டீ போடு, எல்லாருக்கும் போடு" என்று தேவையே இல்லாமல் சத்தம் போட்டார்.

எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துப் பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கதவு எண் 41. 14 என்று எழுதிவிட்டேனோ? ஒரு பெட்டி லேபிளை மூன்று தடவை பார்க்கிறவள், அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்திருக்கிறேன். போன் பண்ணிக் கேட்கலாம். பண்ணவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"தூத்துக்குடியில இருந்து வர்றவுகளுக்குத் தெருமுனையில நின்னு கேக்கத் தெரியாதா?" என்றாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துணியை அலசிப் போட்டுவிட்டு, "அவுக என்ன மீனுடி சாப்பிடுவாக?" என்று கேட்டாள்.